கொத்தாமல் விட வேண்டிய மண்

ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரத்தில் ஆரியசாலை, சாலைக் கடைத்தெரு பக்கம் தோவாளைப் பூவோடு உள்ளூர்க் கேந்தியும் இப்போது விலைக்கு வருகிறது. குடும்பஸ்ரீ பெண்கள் முதல் பள்ளிக்கூடங்கள் வரை தரிசைக் கொத்திக் கேந்தி போடுகிறார்கள். நல்ல காரியம்தான். லாரி வாடகை மிச்சம். நட்டவர் கையில் நாலு காசு நிற்கிறது. ஆனால், ‘ஓணத்தின் நாட்டுப் பூக்களை மீட்டுவிட்டோம்’ என்று இதற்கு ஒரு நியாயம் சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

கேந்தி மெக்சிகோக்காரி என்பதில் எனக்குச் சண்டையில்லை. மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். என் சண்டை மண்வெட்டியோடு. திருவோணம் ஆண்டுக்கு ஆண்டு நாள் மாறும்: 2023-இல் ஆகஸ்ட் 29; 2024-இல் செப்டம்பர் 15. கேந்தி சுமார் இரண்டு மாதப் பயிர் என்பதால் நடவை முன்பின் தள்ளிப் பூவை நாளுக்குக் கொண்டுவந்துவிடலாம். விழா முடிந்ததும் பிடுங்கி எறிவார்கள். அடுத்த ஆண்டு மறுபடி கொத்து.

நாட்டுப் பூவான செங்காந்தள் இந்தக் கணக்குக்குப் படியாது. கோடையில் கொடி காய்ந்து மடியும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மழை விழுந்ததும் முளைத்து, சுருண்ட இலைநுனியால் புல்லையும் புதரையும் பற்றி ஏறி, மழைக்காலத்தின் பின்பாதியில் பூக்கும். விதையிலிருந்து வளர்த்தால் பூப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் கொத்துகிற நிலத்தில் அந்தக் கிழங்குக்கு ஏது இடம்? தும்பைக்கும் முக்குற்றிக்கும் இதே கதிதான். விதை உதிரும்வரை அவற்றை விட்டுவைக்க வேண்டும். நாமோ ஓணத்துக்கு முற்றத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று, பூக்கிற பருவம் பார்த்துப் புல்வெட்டி இயந்திரத்தை ஓட்டுகிறோம். கண்ணூர் மாடாயிப்பாறையில் காக்காப்பூ நீலமாக விரிகிறதே, அதை யார் நட்டார்கள்?

காந்தள் நஞ்சாயிற்றே என்பார்கள். உண்மை, கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டாமல்தான் வளர்க்க வேண்டும். அரளியும் நஞ்சுதான். 2024-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு அதை நைவேத்தியத்திலிருந்துதான் விலக்கியது. வீட்டுத் தோட்டங்களில் அது இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேந்திக்கு ஒதுக்கும் நிலத்தில் ஓர் ஓரத்தைக் கொத்தாமல் விடுங்கள். மழை தொடங்கும்போது பண்ணையில் வளர்த்த காந்தள் கிழங்கை ஊன்றுங்கள். காட்டிலிருந்து தோண்டி வர வேண்டாம். காய் வெடித்து விதை உதிர்ந்தபின், ஆண்டுக்கு ஒரே முறை புல்லை அறுங்கள். இதற்குப் பொறுமையில்லை என்றால் தாராளமாகக் கேந்தியே போடுங்கள். அதை விவசாயம் என்று சொல்லுங்கள், மீட்பு என்று சொல்லாதீர்கள்.