ஜூரோங்கிலிருந்து தெரியும் வானத்தின் மாடிகள்

வானிலை வரைபடம் பார்ப்பதைவிட இன்பமான பொழுதுபோக்கு ஒன்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. கையில் இருக்கும் கைப்பேசியிலேயே சைபீரியாவின் குளிர்காற்று தென்சீனக் கடல் வழியாக இறங்கி வருவதைப் பார்க்கலாம். வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி மெல்லச் சுற்றத் தொடங்குவதையும், ஜப்பானுக்கு மேலே ஜெட் காற்று பாய்வதையும் அதே திரையில் பார்க்கலாம். ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருக்கும் எனக்கு இது பித்தாகவே ஆகிவிட்டது. கோப்பிக் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவரிடமும் இதைத்தான் பேசுகிறேன்.

மேற்கே குடியிருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. சுமத்ரா சூறைக்காற்று முதலில் எங்களிடம்தான் வரும். ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் எழும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்து கிழக்கே நகரும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் ரேடார் படத்தைத் திறந்தால், சிவப்பும் மஞ்சளுமாக வளைந்த கோடு ஒன்று நீரிணையைக் கடந்து வருவது தெரியும். முதலில் துவாஸ், அடுத்து ஜூரோங், பிறகு புக்கிட் தீமா, கடைசியில் சாங்கி. வெளியே இன்னும் ஒரு இலைகூட அசைந்திருக்காது. ஆனால் எனக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் சன்னல் கதவு அடித்துக்கொள்ளப் போகிறது! துணியை உள்ளே எடுத்துவிட்டு, சொன்ன நேரத்துக்குக் காற்று வந்து நிற்கும்போது கிடைக்கிற மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? இந்தக் காற்றைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். 1984 ஏப்ரல் 25 அன்று எங்களுக்குப் பக்கத்திலுள்ள தெங்காவில் மணிக்கு 144.4 கி.மீ. வேகத்தில் அடித்தது சுமத்ரா சூறைதான். 2024 செப்டம்பர் 17 மாலை அதே தெங்காவில் 83.2 கி.மீ. வேகம் பதிவானது. தீவெங்கும் 300க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தும் முறிந்தும் போயின.

ரேடார் காட்டுவது மழை எங்கே என்பதை மட்டும். ஏன் அங்கே என்று தெரிய வேண்டுமானால் காற்று வரைபடத்துக்குப் போக வேண்டும். 'விண்டி', 'நல்ஸ்கூல்' என்ற இரண்டு இணையத் தளங்களைத்தான் நான் தினமும் புரட்டுகிறேன். இவற்றைத் திறந்ததும் பலரும் தரைமட்டக் காற்றைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தவற விடுகிறார்கள்! வானம் எங்கள் புளோக்கைப் போல மாடி மாடியாக இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் காற்று வேறு வேறு திசையில் போகிறது. ஓரத்தில் உயரத்தை மாற்றும் பொத்தான் இருக்கும். 850 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரம், அது கீழ்மாடி. ஈரத்தையும் பருவக்காற்றையும் அங்கே பார்க்கலாம். 500 என்பது ஐந்தரை முதல் ஆறு கி.மீ. வரை, நடுமாடி. புயலை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். 200 என்பது பன்னிரண்டு கி.மீ.க்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில் இருக்கும் மேல்மாடி. ஜெட் காற்றின் வீடு அது.

பள்ளியில் படித்த சம அழுத்தக் கோடுகள் இங்கே அவ்வளவாக உதவாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சத்தில் இருக்கும், அதிகாலை நான்கு, மாலை நான்கு மணிகளை ஒட்டிக் குறையும். பெரும்பாலான நாட்களில் வானிலை மாற்றத்தால் வரும் அழுத்த வேறுபாடு இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அமுங்கிவிடும். அதனால் இந்தப் பக்கத்து வரைபடங்களில் காற்றோட்டக் கோடுகளைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது வாமெய் புயலுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு வரைபடம் பார்க்கிற யாரும் வாமெய்யைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாம் இருப்பது வட அட்சரேகை 1.3 டிகிரியில். புயல் சுழல வேண்டுமானால் புவி சுழல்வதால் பிறக்கும் கொரியாலிஸ் விசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அது சுழியம். அதனால் ஐந்து டிகிரிக்குள் புயல் தோன்றுவது மிக மிக அரிது. ஜூரோங் ஈஸ்ட் அறிவியல் நிலையத்தில் தீச்சூறாவளிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நெருப்பின் சூடு மட்டும் இருந்தால் காற்று நேராக மேலே போய்விடும். சுற்றிலும் இருந்து காற்று சாய்வாக உள்ளே புகுந்து சுழற்சி கொடுத்தால்தான் தீ முறுக்கிக்கொண்டு எழும். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலில் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. இல்லாதது அந்தச் சுழற்சிதான்.

2001 டிசம்பரில் அந்தச் சுழற்சி வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. வடக்கேயிருந்து குளிர்காற்று நாள் கணக்கில் விடாமல் தென்சீனக் கடலில் இறங்கியது. போர்னியோ தீவின் மேற்கே அடிக்கடி தோன்றும் ஒரு சுழல், நிலத்தை விட்டு நகர்ந்து கடலுக்கு வந்து நின்றது. இறங்கி வந்த காற்று அந்தச் சுழலை வளைத்துக்கொண்டு ஓட, பூமி கொடுக்காத சுழற்சியைப் பருவக்காற்றே கொடுத்தது. டிசம்பர் 27 அன்று வாமெய் உருவாகி, ஏறக்குறைய 1.5 டிகிரி அட்சரேகையில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே அறுபது கி.மீ. அளவில் தென்கிழக்கு ஜோகூரில் கரையேறியது. அந்தக் கடலில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் புயல் வேகக் காற்றைப் பதிவு செய்தன. ஜோகூரில் குனோங் பூலாய் மலைச்சரிவில் மண் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். இப்படி ஒன்று நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கலாம் என்று வானிலை ஆய்வாளர் சி.பி. சாங்கும் அவருடைய சகாக்களும் 2003இல் எழுதினார்கள். வாமெய் என்ற பெயரும் அதன்பின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இத்தனை காரணங்கள் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் கூடியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

அந்தக் குளிர்காற்று எங்கிருந்து புறப்படுகிறது? இதற்கு மேல்மாடிக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் 200 மட்டத்தைத் திறந்து ஜப்பானைப் பாருங்கள். மேற்கிலிருந்து கிழக்கே, மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டிப் பாயும் காற்றாறு ஒன்று அங்கே இருக்கும். உலகத்திலேயே மிகப் பலமான ஜெட் காற்றுகளில் ஒன்று. இதை 1920களிலேயே ஜப்பானின் ததேனோ ஆய்வகத்தில் பலூன் விட்டு அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி. அவர் தம் முடிவுகளை எஸ்பெரான்டோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் அதிகம் கவனிக்கவில்லை. 1944இல் ஜப்பானுக்கு மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் திணறியபோதுதான் அதன் பலம் எல்லாருக்கும் உறைத்தது. அந்த ஜெட்டில் ஒரு பெரிய வளைவு கிழக்கு ஆசியாவைக் கடந்து போனால், சைபீரியாவில் தேங்கிய குளிர்காற்று தெற்கே சரியும். சில நாட்களில் 850 மட்டத்தில் சீனக் கடற்கரையிலிருந்து நம்மை நோக்கி ஒரு நீண்ட பட்டை தெரியும். பிறகு ஜூரோங்கில் நாள் முழுக்க விடாத மழை, இருபத்திரண்டு டிகிரி வரை இறங்கும் குளிர். 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் அப்படித்தான் சாங்கியில் ஒரு மாதத்து மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. ஜப்பானுக்கு மேலே பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் நடப்பது ஜூரோங்கில் துணி காயுமா என்பதைத் தீர்மானிக்கிறது! இதை முதன்முதலாக வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் என் மனம் அதிகம் சுற்றுவது வங்கக் கடலைத்தான். அக்கா வேதாரண்யத்தில் இருக்கிறாள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறியது அந்தப் பக்கம்தான். அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் போதும், தொலைபேசி வந்துவிடும்.

"தம்பி, டிவியில காத்தழுத்தத் தாழ்வுன்னு சொல்றான். ஒன் படத்துல என்னா தெரியுது?"

"கீழ சுத்துதுக்கா, ஆனா மேல காத்து எதிர்ப்பக்கமா அடிக்குது. மேகத்தையெல்லாம் பிச்சுக்கிட்டுப் போவுது. இப்போதைக்கு வளராது. ஆனா சென்னை வானிலை மையம் என்ன சொல்லுதோ அதைத்தான் கேக்கணும்."

கீழ்மாடியும் மேல்மாடியும் எதிரெதிராக இழுத்தால் புயல் நிமிர்ந்து நிற்க முடியாது. தமிழ்நாட்டின் புயல் மாதங்களுக்கே இதுதான் முக்கியமான காரணம். ஆடி, ஆவணியில் வங்கக் கடல் சூடாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெரும்புயல் வருவதில்லை. ஏன்? அப்போது கீழே தென்மேற்குப் பருவக்காற்று ஒரு திசையில் ஓடும். மேலே, பதினான்கு பதினைந்து கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று பாயும். இந்த வெப்பமண்டலக் கிழக்கு ஜெட்டை 1950களில் உலகுக்கு விளக்கியவர் பி. கோடீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநரானவர். நம் ஊர்த் தலைக்கு மேலேயே ஓடும் ஜெட் காற்றை நம் பாடப் புத்தகங்கள் இன்னும் கொண்டாட வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஜெட் ஓய்ந்தபிறகுதான், ஐப்பசி கார்த்திகையில், புயலுக்கு வழி திறக்கிறது.

வழி திறந்தபின் எங்கே போகும் என்பதை நடுமாடி சொல்லும். வடக்கே உயர் அழுத்தம் வலுவாக இருந்தால் புயல் நேராக மேற்கே, தமிழகத்துக்கு வரும். வட இந்தியாவுக்கு மேலுள்ள மேற்கு ஜெட்டின் வளைவு தெற்கே ஆழமாக இறங்கினால் அந்த உயர் அழுத்தம் உடைந்து, புயல் ஆந்திரத்தையோ அதற்கும் வடக்கையோ பார்த்துத் திரும்பும். இரண்டும் இல்லாமல், தள்ளுகிற காற்றே இல்லாவிட்டால்? அதுதான் 2024இன் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியும் நகராமல் மணிக்கணக்கில் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்த இரவு 500 மட்டத்தில் இரு பக்கமும் உயர் அழுத்தம், நடுவில் அசைவற்ற காற்று. புயல் நிற்பதற்கான காரணம் வரைபடத்திலேயே இருந்தது. அமெரிக்காவின் சாண்டி புயல் 2012 அக்டோபர் 29 அன்று நியூஜெர்சிப் பக்கம் இடதுபுறமாகத் திரும்பியதும் அட்லாண்டிக்கின் உயர் அழுத்தமும் ஜெட் வளைவும் சேர்ந்து செய்த வேலைதான். கடல் வேறு, கணக்கு ஒன்று.

2025 நவம்பர் கடைசி வாரத்தை என்னால் மறக்கவே முடியாது. மலாக்கா நீரிணையிலேயே, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், சென்யார் புயல் உருவாகி 26ஆம் தேதி சுமத்ராவைத் தாக்கியது. அடுத்த இரண்டு நாளில் டிட்வா இலங்கையைப் புரட்டிப்போட்டது. இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் பல நூறு பேர் உயிரிழந்தார்கள். ஒரே திரையில் இரண்டு சுழல்கள். ஒன்று நான் வாழும் ஊரின் வாசலில், மற்றொன்று என் மக்களின் வாசலில். வரைபடம் பார்ப்பது வெறும் விளையாட்டு இல்லை என்று அந்த வாரம் எனக்கு அழுத்திச் சொன்னது.

நீங்களும் தொடங்குங்கள். பட்டம் வேண்டாம், கணிதம் வேண்டாம். ஹிமவாரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. அதை முதலில் பாருங்கள். பிறகு 850, அடுத்து 500, கடைசியில் 200 என்று மேலே ஏறுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் பாருங்கள். இன்றைய படத்தை நேற்றையதோடு ஒப்பிடுங்கள். பத்து நாள் தள்ளி வரும் கணிப்பை யாருக்கும் அனுப்பிப் பயமுறுத்த வேண்டாம். எச்சரிக்கை வந்தால் வானிலை மையத்தின் சொல்லுக்கே கட்டுப்படுங்கள். பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே திறந்து, உங்கள் வீட்டுக்கு மேலே பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.