இரண்டாம் அச்சு

விற்பனையைப் பட்டைகளாகவும் லாப விகிதத்தைக் கோடாகவும் ஒரே வரைபடத்தில் காட்டுவது அலுவலக அறிக்கைகளில் ஏறத்தாழ எழுதப்படாத விதியாகிவிட்டது. எக்செல் 2013இல் ‘காம்போ’ என்று தனி வகையே வந்தபின், இரண்டாம் அச்சைச் சேர்க்க ஒரு டிக் போதும். இடம் மிச்சமாகும், இரண்டையும் ஒப்பிட வசதி என்பது இதற்குச் சொல்லும் நியாயம். இடம் மிச்சமாவது உண்மைதான்.

சில இடங்களில் இம்முறை பொருந்தவும் செய்கிறது. வால்டர்–லீத் காலநிலை வரைபடத்தில் 10 டிகிரி செல்சியஸுக்கு 20 மில்லிமீட்டர் மழை என்பது நிலையான விகிதம். மழைக்கோடு வெப்பக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது வறண்ட காலம். பரேட்டோ படத்தில் இடப்பக்க மொத்தமும் வலப்பக்க 100 சதவீதமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. இரண்டிலும் அச்சுகளுக்கு இடையிலான உறவை வரைபவர் விருப்பம் தீர்மானிப்பதில்லை.

மற்ற பெரும்பாலான படங்களில் அந்த விருப்பம்தான் தீர்மானிக்கிறது. ரூபாயும் எண்ணிக்கையும் எந்தப் புள்ளியில் சமம் என்பதற்கு இயற்கையான விடை கிடையாது. ஆகவே கோடுகள் எங்கே வெட்டுகின்றன, எது செங்குத்தாக ஏறுகிறது என்பவை தரவிலிருந்து வருவதில்லை, அளவுகோலிலிருந்து வருகின்றன. வாசகரோ அவற்றைத்தான் முதலில் பார்க்கிறார்.

வாசகர் ஏமாற, வரைபவருக்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை. ஒரு கடையின் மாத விற்பனை 90 லட்சத்திலிருந்து 100 லட்சமாகவும், திரும்பி வந்த சரக்கு 40 பெட்டியிலிருந்து 80 ஆகவும் உயர்ந்ததாகக் கொள்வோம். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் உச்சத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்துக்கு மேலே தொடங்கும். விற்பனை அச்சு 84 முதல் 102 வரையும், சரக்கு அச்சு 0 முதல் 90 வரையும் அமைந்தால் என்ன ஆகும்? வெறும் 11 சதவீத விற்பனை உயர்வு படத்தின் பாதி உயரத்துக்கு மேல் பாய்கிறது. இரட்டிப்பான சரக்கு பாதியைக்கூட எட்டுவதில்லை. கவலைப்பட வேண்டிய எண் அடங்கிக் கிடக்க, சாதாரண எண் கொடி பிடிக்கிறது. படத்தை வரைந்தவர் எதையும் திரிக்கவில்லை. திரிபு அமைப்பிலேயே இருக்கிறது.

திட்டமிட்டுச் செய்தால் விளைவு இன்னும் மோசம். 2015 செப்டம்பர் 29 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் குழு ஒன்றின் விசாரணையில் ‘பிளாண்டு பேரன்ட்ஹுட்’ என்ற இனப்பெருக்க நல அமைப்பின் சேவைகள் பற்றிய வரைபடம் காட்டப்பட்டது. 2006க்கும் 2013க்கும் இடையே புற்றுநோய்ப் பரிசோதனைகள் 20,07,371லிருந்து 9,35,573 ஆகக் குறைந்தன; கருக்கலைப்புகள் 2,89,750லிருந்து 3,27,000 ஆயின. அச்சே இல்லாத அந்தப் படத்தில் 3,27,000 என்ற புள்ளி 9,35,573க்கு மேலே நின்றது. இரண்டும் எண்ணிக்கைகளே, ஒரே அச்சில் வரைந்திருந்தால் கோடுகள் வெட்டியிருக்கவே முடியாது.

அச்சுகளுக்குத் தெளிவாகப் பெயரிட்டால் போதும் என்பது வழக்கமான பதில். அது போதாது. பெயர் அலகைச் சொல்லும். இந்த அளவுகோல் ஏன் என்று சொல்லாது. ஆர் நிரல் மொழியின் ஜிஜிபிளாட்2 வரைபடத் தொகுப்பு, இரண்டாம் அச்சை முதல் அச்சின் ஒன்றுக்கு ஒன்றான மாற்றமாக மட்டுமே அனுமதிக்கிறது. எக்செல் அந்தக் கட்டுப்பாட்டை விதிப்பதில்லை என்பது வசதி அல்ல, குறை.

மாற்று வழிகளும் கடினமானவை அல்ல. காலத்துக்கு ஒரே கிடை அச்சை வைத்து இரு படங்களை மேலும் கீழுமாக அடுக்கலாம். உறவுதான் கேள்வி என்றால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து விகிதத்தையே வரையலாம், அல்லது சிதறல் படம் போடலாம். வளர்ச்சி வேகத்தை ஒப்பிட இரண்டையும் தொடக்க ஆண்டில் 100 எனக் கொள்ளலாம். அங்கும் எந்த ஆண்டு என்ற தேர்வு உண்டு, ஆனால் அது படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கும்.