பூசுதலும் பொழிதலும்: ‘மேசியா’ பட்டத்தின் எபிரேய வேரும் தமிழ் விவிலியப் பெயர்ப்புகளும்

தமிழ் விவிலியத்தில் ‘மேசியா’, ‘கிறிஸ்து’, ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ என மூன்று வடிவங்களில் வழங்கும் பட்டம் எபிரேயத்தில் ஒரே சொல்லாகும்: மாஷியாஹ். இதன் வேரான ம-ஷ-ஹ என்பதன் அடிப்படைப் பொருள் தடவுதல், பூசுதல் என்பதாம். இவ்வேர் அரசரையும் ஆசாரியரையும் மட்டும் சுட்டுவதன்று. எண்ணெய் தடவிய அடைகளுக்கும் (யாத்திராகமம் 29:2), வீட்டுக்குச் செந்நிறம் தீட்டுவதற்கும் (எரேமியா 22:14), போருக்குமுன் கேடயத்துக்கு எண்ணெய் இடுவதற்கும் (ஏசாயா 21:5) அதுவே வினை. அடுக்களையிலும் படைக்கலக் கொட்டிலிலும் புழங்கிய கைவினைச் சொல்லொன்று பட்டமாக உயர்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. கிரேக்க ‘கிறிஸ்தோஸ்’ என்பதும் பூசுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்ததே.

தமிழ்த் திருச்சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய திருப்புதல் இவ்வேரை இரு கூறாக்குகிறது. அடைக்குத் ‘தடவு’, கேடயத்துக்குப் ‘பூசு’, அரசனுக்கு ‘அபிஷேகம்பண்ணு’ என்பது அதன் முறை. எபிரேய வாசகர் ஒரே ஒலியில் கேட்ட உறவு தமிழில் அறுந்துவிடுகிறது. விந்தை என்னவெனில், ம-ஷ-ஹ என்னும் வேரே வாராத சங்கீதம் 23:5இல், விருந்தினரின் தலைக்கு எண்ணெயிடும் இடத்தில், அதே திருப்புதல் ‘அபிஷேகம்’ என்கிறது. ஆகவே சொற்றேர்வை நெறிப்படுத்தியது மூலத்தின் வேர் அன்று. பொருள் தூயதா, அன்றாடத்ததா என்ற பாகுபாடே எனலாம்.

பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ நாற்பது இடங்களில் வரும் மாஷியாஹ் என்னும் பெயர்ச்சொல்லைத் தானியேல் 9:25–26இல் மட்டும் ‘மேசியா’ என ஒலிபெயர்த்திருப்பதும் இத்தகையதே. பாரசீக மன்னன் கோரேசுக்கு அதே பட்டம் தரப்படும் ஏசாயா 45:1இல் அது ‘அபிஷேகம்’ ஆகிவிடுகிறது. புறவினத்து அரசன் ஒருவனும் மேசியா என்று அழைக்கப்பட்டான் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. இது மொழிபெயர்ப்புக்குள் ஒளிந்துகொண்ட இறையியல் உரை.

‘அபிஷேகம்’ வடமொழியில் தெளித்தல், ஊற்றுதல் என்ற பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. அதை முற்றும் பொருந்தாதது என ஒதுக்கவும் இயலாது. சாமுவேல் சவுலின் தலையில் தைலத்தை வார்க்கிறான் (1 சாமுவேல் 10:1). ஆரோனுக்கு வார்த்தல், பூசுதல் ஆகிய இரு வினைகளும் அடுத்தடுத்து வருகின்றன (யாத்திராகமம் 29:7). எனினும் பட்டம் பிறந்தது இரண்டாம் வினையிலிருந்து. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் வடசொல்லை நீக்கி ‘திருப்பொழிவு’, ‘அருள்பொழிவு’ என்றது. சொல் தமிழாயிற்று, படிமமோ முன்னினும் விலகிற்று. பொழிவது மழை, அதில் கை இல்லை. சங்கீதம் 23:5இல் இப்பெயர்ப்பு ‘பூசு’ என எழுதியது பாராட்டத்தக்கது.

இவ்வேறுபாட்டைச் சுட்டத் தமிழில் சொல் இல்லாமலில்லை. திருவரங்கத்து மூலவர் சுதைத் திருமேனி. ஆதலின் நீராட்டு இல்லை, தைலக்காப்பு உண்டு. ஊற்றும் சடங்கும் பூசும் சடங்கும் வேறெனத் தமிழ்க் கோயில் மரபே பிரித்தறிந்திருக்கிறது.

இவ்வினா வேலூர் வட்டாரத்தில் கூடுதல் கூர்மை பெறுகிறது. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் களமாயிருந்த இப்பகுதியில், கணியம்பாடி முதலிய ஊர்களில் விவிலியம் வாசிக்கப்படுகிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடப்படுகிறது. பதனிட்ட தோல் உலரும்போது விறைத்து வெடிக்காதிருக்க எண்ணெய் ஏற்றியாக வேண்டும். கேடயத்துக்கு எண்ணெய் பூசியதற்கும் உரையாசிரியர் பலர் கூறும் காரணம் இதுவே: அது தோற்கேடயம். இதே வட்டார இசுலாமியர் ஒளுவின்போது ஈரக்கையால் தலையைத் தடவுவதை ‘மஸ்ஹு’ என்பர். அது எபிரேய வேருக்கு இனமான அரபு வேர். இயேசுவைக் குறிக்கும் ‘மஸீஹ்’ சிரியாக்கு வழிவந்த கடன்சொல் என்பது அறிஞர் பலரின் கருத்தாயினும், அரபு உரைகாரர் சிலர் அதனை அத்தடவும் வினையோடு இணைத்தே விளக்கினர். கிறித்தவத் தமிழ் இழந்த தொடுகை பக்கத்துத் தெருவில் உயிரோடிருக்கிறது.

2 சாமுவேல் 1:21 இவ்விவாதத்தின் உரைகல். சவுலுக்கான புலம்பலில், எண்ணெய் பூசப்படாது கிடப்பது அவன் கேடயம் என்று கொள்ள எபிரேயத் தொடர் இடந்தருகிறது. அங்கு மசோரெத்தியப் பாடத்தின் சொல் மாஷியாஹ் என்பதே. சில படிகளில் ‘மாஷுவாஹ்’. அரசனின் பட்டமும் தோலின் பராமரிப்பும் ஒரு சொல்லில் மோதுகின்றன. அப்புலம்பலின் துயரமே அம்மோதலில் உள்ளது. பழைய திருப்புதலோ, பூசப்படாமையைக் கேடயத்திலிருந்து அகற்றிச் சவுலின்மேல் ஏற்றி, ‘அபிஷேகம்’ என்றது. தோலுக்கு எண்ணெயிடும் தொழில் இழிவெனச் சாதி முத்திரை குத்தப்பட்ட மண்ணில், அத்தொழிலின் வினைச்சொல்லே பட்டத்தின் வேர் என்று காட்டக்கூடிய வசனம் இது. பெயர்ப்பை மாற்றத் தயக்கமிருப்பினும், ‘எபிரேயத்தில்: எண்ணெய் பூசப்படாத கேடயம்’ என்ற ஓர் அடிக்குறிப்பு அவ்விடத்தில் போதும்.