‘ஆகவே’ என்ற சொல்லுக்குச் சான்று எங்கே?

கல்வித் தரம் பற்றி எழுதச் சொன்னால், மாணவர் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: “அரசாங்கம் கல்விக்கு நிறைய நிதி ஒதுக்குகிறது, ஆகவே, பள்ளிகளின் தரம் உயர்ந்து வருகிறது.” இதில் இலக்கணப் பிழை இல்லை. நாமும் ‘சரி’ போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். ஆனால், அந்த ‘ஆகவே’ சும்மா கிடைத்துவிடுமா?

முதல் பாதி உண்மைதான். 2024 வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு 58.7 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. 2025-இல் அது 64.1 பில்லியன் ஆனது.

இரண்டாம் பாதிக்கு வருவோம். 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் ‘பிசா’ அனைத்துலக மதிப்பீட்டில் 2018-இல் மலேசியா கணிதத்தில் 440, வாசிப்பில் 415 புள்ளிகள் பெற்றது. 2022-இல் அவை 409, 388 எனக் குறைந்தன. இடையில் கோவிட் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அதனால் இறக்கத்துக்கு நிதியை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஆனால், பெரிய ஒதுக்கீடு இருந்தால் தரம் தானாக உயரும் என்று சொல்லவும் முடியாதே!

கட்டுரைகள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: பணம் எங்கே போய்ச் சேருகிறது? ஒதுக்கீட்டின் பெரும்பங்கு சம்பளத்துக்கே போகிறது. அது தேவையான செலவு. குறை சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பணத்தில்தான் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு தெரியும்.

நம் தமிழ்ப்பள்ளிகளையே பாருங்கள். முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்று இரண்டு வகை. இரண்டிலும் பாடத்திட்டம் ஒன்றுதான். ஆசிரியர் சம்பளமும் அரசாங்கம் தருவதுதான். ஆனால், பகுதி உதவிப் பள்ளியின் நிலம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்துக்கோ வேறு தனியாருக்கோ சொந்தம். கட்டடப் பராமரிப்பின் சுமை பள்ளி மேலாளர் வாரியத்தின் மீதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மீதும் விழுகிறது. மத்திய அரசு சிறப்பு மானியம் தருகிறது; சிலாங்கூர், பினாங்கு மாநில அரசுகளும் தருகின்றன. நல்லதுதான். ஆனாலும், மானியம் என்பது கேட்டுப் பெறுவது. ஒழுகும் கூரை அதுவரை காத்திருக்காது. மாணவர் குறைந்த பள்ளியில் செலவைப் பகிரும் பெற்றோரும் குறைவு. 40 பிள்ளைகள் படித்தாலும் கூரையின் அளவு கூரையின் அளவுதான்!

இதற்கு நேர்மாறான கட்டுரையும் உண்டு: “நிதி இல்லை, ஆகவே, தரம் இல்லை.” இதுவும் அதே சோம்பல்தான். புதுக் கூரை மழையைத் தடுக்கும், வாசிக்கக் கற்றுத்தராது. அது ஆசிரியரின் வேலை. ஆனால், மழை பெய்யும்போது பிள்ளைகளை ஒரே மூலையில் ஒதுக்கி வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம், “தரம் உன் கையில்தான்” என்று சொல்வதும் நியாயமில்லை.

தேர்வு எழுதும் மாணவர்களே, அந்த வாக்கியத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: “கல்விக்கான ஒதுக்கீடு உயர்ந்துள்ளது, ஆயினும், அது எந்தப் பள்ளிக்கு, எதற்காக, எப்போது சென்று சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.” ‘ஆகவே’ போய் ‘ஆயினும்’ வந்ததும் அடுத்த பத்திக்கு வேலை வந்துவிடுகிறது: சான்று தேட வேண்டும். ஆசிரியர்களே, சிவப்பு மையை அந்த ஒரு சொல்லின் கீழ் வைப்போம்.