பதிவேட்டில் இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இந்தியாவில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் ஒன்றிய சுகாதார அமைச்சகம் கடைசி இலக்கம் வரை துல்லியமாக ஓர் எண்ணைச் சொல்லும். 2022 ஜூன் நிலவரப்படி அந்த எண் 13,08,009. அதே பதிலின் அடுத்த வரியிலேயே துல்லியம் போய்விடுகிறது. இவர்களில் 80 விழுக்காட்டினர் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஆயுஷ் மருத்துவர்கள் 5.65 லட்சம் பேரையும் கூட்டினால், 834 பேருக்கு ஒரு மருத்துவர் என்கிறது அமைச்சகம். ஒன்பதாவது ஆள் வரை எண்ணிப் பார்த்த பதிவேட்டிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ‘இல்லை என்று வைத்துக்கொள்வோம்’ எனக் கழிக்க வேண்டியிருக்கிறது. அந்த 20 விழுக்காடு யார் யார் என்பதற்குப் பதிவேட்டில் பதில் இல்லை. காலமானவர்கள், லண்டனுக்கோ துபாய்க்கோ போனவர்கள், தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள், மாநிலம் மாறியதால் இரண்டு கவுன்சில்களில் பெயர் ஏறியவர்கள் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இதுவும். ஆனால் வாக்காளர் பட்டியலையாவது தேர்தலுக்குத் தேர்தல் யாராவது திருத்தப் பார்க்கிறார்கள்.

இந்தக் குறைக்கு இலங்கையும் இந்தியாவும் கண்டிருக்கும் மருந்து ஒன்றேதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இலங்கையில் 2018ஆம் ஆண்டின் மருத்துவத் திருத்தச் சட்டம் அதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 மே மாத விதிமுறைகள், மருத்துவம் பார்ப்பதற்கான உரிமத்துக்கு ஐந்தாண்டு ஆயுளை வைத்தன. மருந்து ஒன்றானாலும் எந்த நோய்க்காக அதைத் தருகிறோம் என்பதில் இரண்டு நாடுகளுக்கும் தெளிவில்லை என்பதே என் வாதம். புதுப்பித்தல் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவர் இன்னும் இங்கே மருத்துவம் பார்க்கிறாரா என்பது முதல் கேள்வி. இவருக்கு இன்றைய மருத்துவம் தெரியுமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு ஒரு குமாஸ்தாவே விடை எழுதிவிடலாம். இரண்டாவதற்கு இன்னொரு மருத்துவர்தான் விடை சொல்ல முடியும். இரண்டையும் ஒரே படிவத்தில் திணித்தாலும், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு இரண்டையும் கேட்டதாக நினைத்துக்கொண்டாலும், இரண்டுக்குமே விடை கிடைக்காது.

இரண்டு பதிவேடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. 1858இல் பிரிட்டன் இயற்றிய மருத்துவச் சட்டத்தின் பேரப்பிள்ளைகள்தாம் சென்னை மாகாணத்தின் 1914ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும், இலங்கையின் 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டமும். வாசலில் நின்று, முறையாகப் படித்தவரை உள்ளே விட்டு மற்றவரை வெளியே நிறுத்துவதற்காக உருவானது அந்த அச்சு. உள்ளே போனவர் பெரிய ஒழுங்கீனம் எதுவும் செய்யாதவரை ஆயுசுக்கும் உள்ளேதான். இந்தியாவில் மாகாணங்கள் முதலில் பதிவேடு தொடங்கின. இந்தியப் பட்டங்களுக்கான ஏற்பை பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில் 1930இல் நிறுத்தியதால் ஏற்பட்ட நெருக்கடியில்தான் 1933இல் அகில இந்தியச் சட்டம் வந்தது. மாநிலப் பதிவேடு, அதன் மேல் தேசியப் பதிவேடு என்ற இரட்டை மாடி 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டப்பட்டு, இன்றுவரை அப்படியே நிற்கிறது. சிறிய தீவான இலங்கைக்கு ஒரே சபை போதுமாக இருந்தது.

வாசலைப் பொறுத்தவரை இரண்டு இடங்களிலும் காவல் கடுமைதான். இலங்கையில் பட்டம் பெற்றவர் தற்காலிகப் பதிவோடு ஓராண்டு உள்ளகப் பயிற்சிக்குப் போகிறார். ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை என்று இரண்டே பிரிவுகளில் ஊறி வருகிறார். தமிழ்நாட்டில் ஹவுஸ் சர்ஜன் என்று சொல்லப்படுபவர் அதே ஓராண்டில் பல துறைகளைச் சுற்றி வருகிறார். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இலங்கை தனித் தகுதித் தேர்வு வைக்கிறது. இந்தியாவில் 300க்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி என்ற தகுதித் தேர்வு 2002 முதல் நடக்கிறது. எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதில் தோற்கிறார்கள். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்களைப் பதிவு செய்ய மறுத்த இலங்கை மருத்துவ சபை, 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் 2018இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்கும்வரை போராடியது. அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயம் எப்படியிருந்தாலும், உள்ளே நுழைபவர் யார் என்பதில் சபைகளுக்கும் சங்கங்களுக்கும் இருக்கும் ஆவேசத்தில் பத்தில் ஒரு பங்குகூட, உள்ளே போய் முப்பது ஆண்டு ஆனவர் என்ன செய்கிறார் என்பதில் இருந்ததில்லை.

இலங்கை இதுவரை சமாளித்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் அரச ஊழியர்கள். உள்ளகப் பயிற்சிக்கான நியமனத்தையும், பிறகு முதல் நியமனத்தையும், இடமாற்றத்தையும் சுகாதார அமைச்சுதான் கொடுக்கிறது. மாலையில் சனலிங் நிலையம் என்ற தனியார் ஆலோசனை மையத்தில் நோயாளி பார்ப்பவரும் காலையில் அரச வைத்தியசாலையில் கையெழுத்துப் போட்டவர்தான். கடமை நேரத்துக்குப் பிறகு தனியாகச் சிகிச்சை பார்க்கும் அனுமதி 1977 முதல் இருக்கிறது. அதனால் ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு விடை சபையின் பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அமைச்சின் சம்பளப் பட்டியலில் இருந்தது. இந்தியாவில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. தனியார் மருத்துவமனையிலும் சொந்த கிளினிக்கிலும் இருக்கும் லட்சக்கணக்கானவர்களை அடையாளம் காட்டக்கூடிய ஒரே ஆவணம் மருத்துவக் கவுன்சிலின் பதிவேடு. அது பழுதானால் முட்டுக்கொடுக்க வேறு எதுவும் இல்லை. ஆகவே இலங்கையில் மருத்துவர் கணக்கு ஓரளவு சரியாக இருந்தது என்றால், அந்தப் பெருமையைச் சபைக்குக் கொடுப்பதைவிடச் சம்பளப் பட்டியலுக்குக் கொடுப்பதே பொருத்தம்.

அந்த முட்டு இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருத்துவர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனதை இலங்கையில் அறியாதவர் இல்லை. போகிறவர் அந்த நாட்டுக் கவுன்சிலுக்குக் காட்ட, தன்மேல் புகார் இல்லை என்ற ‘குட் ஸ்டாண்டிங்’ சான்றிதழைச் சபையிடம்தான் வாங்க வேண்டும். ஒருவர் புறப்படத் தயாராகிறார் என்ற செய்தி நாட்டிலேயே முதலில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று சபையின் கவுண்டர். ஆனால் அவர் போன பிறகும், ஐந்தாண்டுக் கெடு முடியும்வரை, பதிவேட்டில் அவருக்கும் பதுளையில் தினமும் வார்டு சுற்றும் ஒருவருக்கும் வேறுபாடு தெரியாது. திரும்பி வந்தால் உதவும் என்று வெளிநாட்டிலிருந்தபடியே புதுப்பித்துக்கொண்டால் அந்த வேறுபாடு அப்போதும் தெரியப்போவதில்லை. இதில் மருத்துவர் மேல் தவறில்லை. எங்கே பார்க்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் பார்க்கிறீர்கள் என்பதுதான் புதுப்பிக்கும் படிவத்தின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இந்தியா இதற்கு நேர்மாறான வழியில் போனது. ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் முன்பே, படித்தாரா என்று கேட்கத் தொடங்கியது. ஐந்தாண்டில் 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகள் கூறின. சில மாநிலக் கவுன்சில்கள் அதைப் புதுப்பித்தலோடு இணைத்தன, சில காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆயுசுக்கும் ஒரே பதிவு என்ற மாநிலமும் ஐந்தாண்டுப் பதிவு என்ற மாநிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் கருத்தரங்குகளுக்கு இத்தனை ‘கிரெடிட் அவர்’ என்று அனுமதி கொடுப்பது அரும்பாக்கத்தில் இருக்கும் மாநில மருத்துவக் கவுன்சில். அந்த மணிநேரம் எப்படிச் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டல் ஹால், வாசலில் பதிவு மேசை, பெயர் எழுதிய அட்டை, ஒரு பை. உள்ளே ஒரு பேச்சாளர் புதிய நீரிழிவு மருந்தைப் பற்றிப் பேசுகிறார். வெளியே அதே மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியின் ஸ்டால். சான்றிதழில் எழுதப்படுவது அங்கே இருந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்ட நேரம். கேட்டாரா, கேட்டதில் எதையாவது திங்கட்கிழமை ஓபியில் மாற்றிச் செய்தாரா என்பதற்குச் சான்றிதழில் இடம் கிடையாது. எல்லாக் கருத்தரங்கும் இப்படி என்று சொல்லவில்லை. மிக நல்ல கூட்டங்களும் நடக்கின்றன. ஆனால் நல்ல கூட்டத்துக்கும் ஹோட்டல் சாப்பாட்டுக் கூட்டத்துக்கும் கிடைப்பது ஒரே கிரெடிட்.

இந்தச் சீர்கேடு ஆணையத்துக்கே தெரிந்திருந்தது. 2023 ஆகஸ்ட் 2 அன்று அது வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிமுறைகள் 30 மணி நேரக் கட்டாயத்தை வைத்துக்கொண்டே, மருந்துக் கம்பெனி நேரடியாகவோ மறைமுகமாகவோ செலவு செய்யும் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர் பங்கேற்கக் கூடாது என்றும் சொன்னது. பிராண்டு பெயர் எழுதாமல் மூலப்பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்ற விதியும் அதே தொகுப்பில் இருந்தது. எதிர்ப்பு பொங்கியெழுந்தது. அதே மாதம் 23ஆம் தேதி மொத்தத் தொகுப்பும் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன. மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 23 அன்று, தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையதளம் திறக்கப்பட்டது. ஆதார், பட்டச் சான்றிதழ், மாநிலப் பதிவுச் சான்றிதழ் மூன்றையும் ஏற்றினால் நாடு முழுவதற்கும் ஒரே எண் கிடைக்கும். முதல் கேள்விக்கு இந்தியா விடை தேடத் தொடங்கியதே அப்போதுதான். பெயர்ச் சேர்ப்பு மந்தமாகவே நடக்கிறது. முப்பது மணி நேரத்தை இருபது ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தவர்கள் தலைகளை எண்ண மறந்திருந்தார்கள்.

இலங்கை அந்த மணிக்கணக்கில் இறங்கவில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் தொடர்கல்விச் சான்றிதழ் ஏற்பாடு விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். பதிவைப் புதுப்பிக்க அது தேவையில்லை. இது பொறுப்பற்ற தனம் என்று இந்தியப் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்யான விடையைத் தரும் ஒரு கேள்வியைக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது குறைந்த தீமை. கேட்டுவிட்டால், இவரைச் சோதித்தாயிற்று என்ற நம்பிக்கை பொதுமக்களுக்கு வந்துவிடும், இனி இதில் செய்ய எதுவுமில்லை என்ற நிம்மதி சபைக்கும் வந்துவிடும். இலங்கையின் தவறு வேறு. கேட்காமல் விட்டதை எப்போது, எப்படிக் கேட்கப்போகிறோம் என்ற பேச்சையே அது எடுக்கவில்லை.

இதற்கு எதிர்வாதங்கள் இருக்கின்றன, வலுவானவையும் அவற்றில் உண்டு. புதுப்பிக்கும் அதிகாரம் கையில் இருப்பவருக்கு, அதை விலைக்கு விற்கும் வாய்ப்பும் கையில் இருக்கும் என்பது முதலாவது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரே 2010இல் லஞ்ச வழக்கில் சிபிஐயால் கைது செய்யப்பட்ட நாட்டில் இதை வெறும் கற்பனைப் பயம் என்று ஒதுக்க முடியாது. அந்தக் கவுன்சிலைக் கலைத்து ஆணையமாக்கப் பத்தாண்டு பிடித்தது. இலங்கையில் 2021 ஜனவரியில் சபைத் தலைவர் உள்ளிட்ட உறுப்பினர்களைச் சுகாதார அமைச்சரே நீக்கினார். அரசியல் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இந்த வாதம் இரண்டு கேள்விகளையும் பிரிக்க வேண்டும் என்பதற்கே வலுச்சேர்க்கிறது. இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்பதில் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. படிவம் வந்தால் பெயர் நீடிக்கும், வராவிட்டால் நினைவூட்டல் போகும், அதற்கும் பதிலில்லை என்றால் பெயர் செயலற்றோர் பட்டியலுக்குப் போகும். பேரம் பேச இதில் எதுவும் கிடையாது. அறிவை அளக்கிறேன் என்று வரும்போதுதான் பேரத்துக்கு இடம் பிறக்கிறது.

கிராமத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் எழுபது வயது டாக்டரின் கதி என்ன என்பது இன்னொரு கேள்வி. ஐந்து ரூபாய் டாக்டர் என்று தெருவே கொண்டாடும் மனிதர் கிளினிக்கை மூடிவிட்டு நகரத்து ஹாலில் வந்து உட்கார வேண்டுமா, அவர் போய்விட்டால் அந்த இடத்தில் நாளைக்கு வந்து அமரப்போவது போலி டாக்டர்தானே என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது மணிக்கணக்கு முறைக்கு எதிரான உண்மை. வயதானவர், தனியாக இருப்பவர் என்பதற்காக அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்றால், அவரிடம் வரும் ஏழை நோயாளிக்குப் பழைய மருத்துவமே போதும் என்று சொன்னதாக ஆகிவிடும். நோயாளி எங்கே பதிவேட்டைப் பார்க்கிறார் என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மருந்துச்சீட்டில் உள்ள முத்திரை எண்ணை மருந்துக் கடைக்காரர், காப்பீட்டுக் கம்பெனி, போலி டாக்டரைத் தேடிப் போகும் போலீஸ், நீதிமன்றம் எல்லோரும் பார்க்கிறார்கள். காலமானவரின் எண்ணை இன்னொருவர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பதிவேடு அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், காப்பாற்றக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு விடை தேட, பிரிட்டன் 2012 இறுதியில் தொடங்கிய மறுமதிப்பீட்டு முறையை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. ஆண்டுதோறும் ஒவ்வொரு மருத்துவரோடும் இன்னொரு மருத்துவர் உட்கார்ந்து பேச, அங்கே ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு பெரிய அமைப்பின் கீழ் இருக்கிறார்கள். திருநெல்வேலியிலோ மட்டக்களப்பிலோ அப்படி ஆள் ஒதுக்க முடியாது. ஆனால் இலங்கையும் தமிழ்நாடும் ஏற்கெனவே நன்றாகச் செய்துவரும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், அந்த மரணத்தை வைத்தியர்களும் மருத்துவ மாதுக்களும் நிர்வாகிகளும் கூடி உட்கார்ந்து ஆராய்கிறார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்று அங்கே தேடுவதில்லை. எந்த மணி நேரத்தில் என்ன தவறியது, ரத்தம் ஏன் தாமதமானது, ஆம்புலன்ஸ் எங்கே நின்றது என்று பார்க்கிறார்கள். தாய் இறப்பு விகிதத்தைக் குறைப்பதில் இரு இடங்களும் தெற்காசியாவில் முன்னே நிற்பதில் இந்த ஆய்வுக்கும் பங்கு உண்டு. ஒரு மருத்துவருக்குத் தெரிந்ததும் தெரியாததும் அந்த அறையில் வெளிப்படுவதுபோல ஹோட்டல் ஹாலில் வெளிப்படாது. மாவட்ட அளவில், அரசு, தனியார் இரு தரப்பும் அமரும் இத்தகைய ஆய்வுகளை மாரடைப்பு, டெங்கு, குழந்தை இறப்பு என்று விரித்து, ஐந்தாண்டில் இத்தனை ஆய்வுகளில் தன் நோயாளியின் கோப்போடு கலந்துகொண்டார் என்பதைப் புதுப்பித்தலுக்குச் சான்றாக ஏற்கலாம். அங்கே பேசியது வழக்கில் சாட்சியமாகாது என்ற சட்டப் பாதுகாப்பு இல்லாவிட்டால் தனியார் தரப்பிலிருந்து யாரும் கோப்பைத் திறக்கமாட்டார்கள். அந்த ஒரு பிரிவை எழுதும் வேலைதான் இரு நாடுகளிலும் முதலில் ஆகவேண்டியது.