கையேட்டு வாக்கியம்

நம்மிடையே பிழை திருத்துகிறவனுக்கு விமர்சகனின் அந்தஸ்து என்றைக்கும் கிடைத்ததில்லை. ப்ரூஃப் பார்ப்பது அச்சகத்தோடு முடிந்துவிடுகிற காரியம். விமர்சனம் அதற்குப் பிறகு, மேலே எங்கோ, பார்வை, தரிசனம் என்ற வார்த்தைகளோடு ஆரம்பமாகிறது. இந்தப் பிரிவினையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போகச் செய்தது இலக்கியம் அல்ல, மென்பொருள் கையேடுகள். அவற்றில் நடக்கிற சில்லறைத் திருத்தங்களை, ஒரு 'அல்லது' போய் 'மற்றும்' வருவது போன்றவற்றை, சில வருஷங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். கறாரான விமர்சனம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது, அந்தப் பெயர் இல்லாமல், அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

கையேட்டு வாக்கியத்தை யாரும் ரசிப்பதற்காகப் படிப்பதில்லை. அது சொன்னபடி செய்வதற்காகப் படிக்கிறார்கள். அதனால் அதில் நேரும் பிழை இரண்டு வகைப்படும். எழுத்து இடம் மாறி விழுந்திருப்பது ஒன்று; கண் தானாகவே சரி செய்து படித்துவிடும். மற்றது இலக்கண சுத்தமாக நின்றுகொண்டு தப்பான சேதியைச் சொல்வது. வெறுமனே மொழி தெரிந்தவன் இரண்டாவதைக் கண்டுபிடிக்க முடியாது. வாக்கியம் சொன்னபடி செய்து, காரியம் நடக்காமல் திரும்பி வந்து, தன்னைச் சந்தேகிக்காமல் வாக்கியத்தைச் சந்தேகிக்கிறவனுக்கே அது அகப்படும். நமது விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இந்த வகை வாசிப்பு உண்டு என்று தெரியவில்லை.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்கலாம். இன்டர்நெட்டின் விதிமுறைகள் ஆர்.எஃப்.சி. என்ற ஆவண வரிசையில் 1969 ஏப்ரலிலிருந்து வெளிவருகின்றன. இந்த வரிசையில் 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய 2119ஆம் ஆவணம் மூன்றே பக்கம். சொற்களைப் பற்றிய ஆவணம் அது. விதிமுறைகளில் 'மஸ்ட்' என்று வந்தால் விலக்கே இல்லை; 'ஷுட்' என்றால், தகுந்த காரணமிருந்து, விளைவுகளை எடைபோட்டுப் பார்த்த பிறகு மீறலாம்; 'மே' என்றால் அவரவர் இஷ்டம். ஒரு துணைவினைக்குள் எவ்வளவு கட்டாயம் இருக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொற்களின் பட்டியல் முகப்பில் ஒரு வாக்கியமாகத் தரப்பட்டிருக்கிறது. மற்ற ஆவணங்களை எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் 'நாட் ரெக்கமெண்டட்' என்ற தொடர், உள்ளே விளக்கப்பட்டிருந்தும், முகப்பு வாக்கியத்தில் விட்டுப்போயிற்று. சொற்களைக் கட்டிப்போட வந்த வாக்கியமே ஒரு சொல்லைத் தவறவிட்டது. சிரத்தையுள்ளவர்கள் அட்சரம் பிசகாமல் பிரதி எடுத்தார்கள். அதனாலேயே விடுபடுதலும் ஆவணத்துக்கு ஆவணம் பரவியது. ஒரு வாசகர் இதைக் கவனித்து எழுதினார். திருத்தம் பதிவாயிற்று. 2017 மே மாதம் வெளியான 8174ஆம் ஆவணத்தின் புது வாக்கியத்தில் அந்தத் தொடர் இடம்பெற்றது. கூடவே இன்னொரு தெளிவும் வந்தது: இந்தச் சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தால்தான் விசேஷ அர்த்தம், சிறிய எழுத்தில் வந்தால் சாதாரண ஆங்கிலம்.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. இது போகட்டும் என்றால் 'வேண்டாம்' இருக்கிறது. கையேடுகளைத் தமிழாக்குகிறவர்கள் மிகத் தாராளமாகப் புழங்கும் சொல் இது. 'கோப்பை மூட வேண்டாம்' என்கிறது ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். ('கோப்பை' என்றதும் கிண்ணம் ஞாபகம் வருவது தனி உபத்திரவம்.) அது தானாகவே மூடிக்கொள்ளும், நீ சிரமப்படாதே என்று அர்த்தமா? மூடினால் எழுதியதெல்லாம் போய்விடும், ஜாக்கிரதை என்று அர்த்தமா? ஆங்கிலம் 'நீட் நாட்', 'மஸ்ட் நாட்' என்று பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். 'மூடத் தேவையில்லை', 'மூடக் கூடாது' என்று பிரித்துச் சொல்லத் தமிழில் வசதி இல்லாமல் இல்லை. பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். 'வேண்டாம்' மரியாதையாக ஒலிக்கிறது, 'கூடாது' அதட்டுகிறது என்பது காரணமாக இருக்கலாம். மரியாதைக்காக அர்த்தத்தைக் கைவிடுவது நம் மேடைகளில் பழகிப்போன விஷயம். கையேட்டிலும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

திருத்தவே முடியாத பிழையும் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை உலாவி தெரிவிக்கிறது. அந்தத் தலைப்புக்குப் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கில அகராதிப்படி நடுவில் இரண்டு 'ஆர்' வேண்டும். 1996 மே மாதத்து 1945ஆம் ஆவணத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்த எழுத்துக்கூட்டலை வைத்துத்தான் எல்லோரும் நிரல் எழுதினார்கள். 1999ல் வந்த 2616ஆம் ஆவணம் பக்கத்தில் 'ஸிக்', அதாவது மூலத்தில் இப்படித்தான், என்று ஒரு குறிப்புப் போட்டு நகர்ந்துவிட்டது. இன்று யாராவது அகராதியை நம்பி இரண்டு 'ஆர்' போட்டு அனுப்பினால் மறுமுனை அதை அடையாளம் காணாது. பிற்பாடு வந்த 'ரெஃபரர் பாலிஸி' என்ற இன்னொரு தலைப்பில் எழுத்து சரியாகவே இருக்கிறது. இரண்டும் அருகருகே புழங்குகின்றன. வழக்கு இலக்கணத்தை ஜெயிப்பது பற்றிப் பண்டிதர்களோடு நாம் போட்ட சண்டையெல்லாம் இங்கே சில வருஷத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

டொனால்ட் நூத் தன் புத்தகங்களில் பிழை காண்கிற முதல் ஆளுக்கு 2.56 டாலர் தருகிறார். கணிதத் தவறானாலும் அச்சுப்பிழையானாலும் ஒரே தொகை. நிஜக் காசோலை 2008ல் நின்றுவிட்டது, இப்போது கற்பனை வங்கி ஒன்றின் பத்திரம் வருகிறது. பலர் காசாக்காமல் வைத்துக்கொண்டார்கள் என்பதைச் சிலாகித்துச் சொல்வார்கள். அதைவிட, ஒரு காற்புள்ளிக்கும் ஒரு தேற்றத்துக்கும் ஒரே விலை வைத்ததுதான் எனக்கு முக்கியம்.

ஆர்.எஃப்.சி. வெளியான பிறகு அதில் கை வைப்பதில்லை என்பது விதி. திருத்தங்கள் தனிப் பட்டியலில் இருக்கின்றன: யார் சொன்னது, எந்த வரி, எப்படி மாற வேண்டும், ஏற்கப்பட்டதா என்று. காரியம் கெடக்கூடிய பிழையானால் ஏற்பு. பிழைதான், ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்றால் அடுத்த பதிப்புவரை நிறுத்தி வைப்பு. நிராகரித்ததையும் அழிப்பதில்லை; பெரும்பாலும் காரணத்தோடு அங்கேயே கிடக்கும்.

நம் நிலவரம் வேறு. மறுபதிப்பில் 'திருத்திய பதிப்பு' என்று ஒரு வரி இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. என்ன திருத்தினார்கள், ஆசிரியரா பதிப்பாளரா, ஒன்றும் தெரியாது. பேச்சுவழக்கு எழுத்துவழக்காக மாறியிருக்கும், ஒரு பத்தி காணாமல் போயிருக்கும். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பதை ஆராய்ச்சி மாணவர்கள் வேலை என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பதிப்பு எது என்றே சொல்லாமல் மேற்கோள் காட்டி ஒரு நாவலின் மொழியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

சிறுபத்திரிகைகள் பின்னட்டை உள்பக்கத்தில் அரைப் பக்கம் இதற்கு ஒதுக்கலாம். முந்தின இதழில் எந்த வரி தப்பு, யார் சுட்டினார்கள், ஆசிரியர் ஒப்புக்கொண்டாரா, மறுத்தால் ஏன். கவிதைக்கு இது எந்த அளவு செல்லும் என்பது வேறு பிரச்னை. அதைத் தனியாக எழுத வேண்டும்.