தனுஷ்கோடியில் எழுதப்படாத பலகை

தனுஷ்கோடிக்குப் போய்வந்த பத்துப் பேரிடம் அங்கே என்ன பார்த்தீங்கன்னு கேட்டுப் பாருங்கள். இடிஞ்ச சர்ச், ரெண்டு பக்கமும் கடல், அரிச்சல்முனைத் தூண், பொரிச்ச மீன் என்று பதில் வரும். புயல் அடிச்சு அழிஞ்ச ஊர் என்பார்கள். ராமர் பாலம் தொடங்குற இடம் என்பார்கள். சரி, அந்த ஊரில் யார் இருந்தார்கள், எதுக்காக அங்கே ஒரு ஊர் இருந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். குறை பார்க்கப் போனவர்கள் மேல் இல்லை. அந்த இடம் அவர்களுக்கு அதைச் சொல்வதில்லை.

ராமநாதபுரம் கரையில் வரலாறு பார்க்கக் கிளம்புகிறவருக்கு இன்று இடங்களுக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. பாம்பன் தீவில் விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய குந்துகாலில் நினைவிடம் இருக்கிறது. பேய்க்கரும்பில் 2017ல் திறந்த அப்துல் கலாம் நினைவிடம். கடைசியில் தனுஷ்கோடி. ஒரே நாளில் எல்லாத்தையும் பார்த்துவிடலாம். அப்படி அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு இடமும் எதைச் சொல்லுது, எதை விழுங்குது என்பது பிடிபடும்.

ராமலிங்க விலாசத்தில் கட்டடமே ஆவணம். சேதுபதிகளின் அந்த அரண்மனை மண்டபத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்கள் இன்னும் இருக்கின்றன. ராமாயணமும் பாகவதமும் ஒரு பக்கம். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கும் காட்சி இன்னொரு பக்கம். ஒரு அரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதைச் சுவரே சொல்லிவிடுகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன. நிதானமாப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கலாம் நினைவிடம் இதற்கு நேர் எதிர். வாசல் டெல்லி இந்தியா கேட் மாதிரி, மேலே குடியரசுத் தலைவர் மாளிகைக் குவிமாடம் மாதிரி. உள்ளே ஏவுகணை மாதிரிகள். கூட்டம் அலைமோதுகிறது, பராமரிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தீவு அவரை எப்படி உருவாக்கியது என்ற கேள்விக்கு டெல்லிக் கட்டடங்களின் நகல் என்ன பதில் சொல்லும்? அவருடைய சுயசரிதையிலேயே பதில் இருக்கிறது. அவருடைய அப்பா ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப் போக மரப்படகு கட்டியவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம். அந்த ரயில் போய்க்கொண்டிருந்த ஊர் தனுஷ்கோடி. அங்கிருந்து பார்த்தால் அந்த ஊருக்கு வேறொரு அர்த்தம் கிடைக்கிறது.

அந்த அர்த்தம் இதுதான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரு பாதை உருவானது. அதுதான் போட் மெயில். நடுவில் கடல் முப்பது கிலோமீட்டர் சொச்சம். இர்வின், கோஷன் என்று கப்பல்கள் ஓடின. சுங்கச்சாவடி, தபால் நிலையம், ரயில்வே குடியிருப்பு, சர்ச் எல்லாம் இந்தப் போக்குவரத்தால் வந்தவை. ஐம்பது வருஷம் இது ஒரு எல்லை ஊர். பேய் ஊர் என்ற பெயர் அதுக்கப்புறம் ஒட்டியது.

அந்தக் கப்பல்களில் போனவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் மட்டும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்துப் போனது இந்த வழியாகத்தான். இலங்கை அரசு மண்டபத்தில் ஒரு முகாம் நடத்தியது. தொழிலாளர்களை அங்கே சில நாட்கள் தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையப் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் இலங்கை அகதிகளைத் தங்கவைத்ததும் அதே மண்டபத்தில்தான்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எட்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 நள்ளிரவில் புயல். பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலைக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போயிற்று. தாத்தா பாட்டி கப்பலேறிய துறைமுகம் இல்லாமல் போனதால், பேரப்பிள்ளைகள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். ஒரு மக்கள்கூட்டம் போன வாசலும் திரும்பிய வாசலும் இந்தத் தீவு.

தனுஷ்கோடியை நினைவிடமாகக் கருதினால் இதைவிடப் பெரிய கதை அங்கே இல்லை. ஆனால் வேன் ஓட்டுகிற அண்ணன் சொல்வது புயல் கதை, ரயில் கதை, ராமர் கதை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் யாரும் வேறு எதுவும் கொடுக்கவில்லை. 2017ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறந்த பிறகு, மணலில் ஜீப்பில் குலுங்கிப் போன காலம் முடிந்தது. கார்கள் நேரே முனைக்குப் போய்த் திரும்பிவிடுகின்றன. இடிபாடுகள் ஒரு செல்ஃபி நிறுத்தம். பவளக்கல் சுவர் உப்புக் காற்றில் கரைவது ஒரு பக்கம், அதன் மேல் பெயர் கிறுக்குவது இன்னொரு பக்கம்.

இதற்கு மறுகரையில் பாருங்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள், முன்னோர் நடந்த வழியை மறுபடி நடந்து பார்க்க. கம்பளை அருகே பழைய லயத்து அறைகளிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையின் இந்த முனையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அழிவை எப்படிக் காட்டலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜப்பானில் இஷினோமாக்கி நகரின் ஒகாவா தொடக்கப்பள்ளியில் 2011 சுனாமியில் 74 குழந்தைகளும் 10 ஆசிரியர், ஊழியர்களும் இறந்தார்கள். இடித்துவிடலாமா, வைத்திருக்கலாமா என்று ஊருக்குள் நீண்ட விவாதம். கடைசியில் இடிபாட்டை அப்படியே காத்து 2021ல் மக்களுக்குத் திறந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலரே அங்கே வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள்.

இதை இங்கே செய்ய முடியாதா? தனுஷ்கோடியில் ஆள் இருக்கிறார்களே! வாழத் தகுதியில்லை என்று அரசு அறிவித்த அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். ரெண்டு கடலுக்கு நடுவே எங்கே தோண்டினால் நல்ல தண்ணி ஊறும் என்று தெரிந்தவர்கள். பேய் நகரம் என்று சொல்லும்போது இவர்களையும் சேர்த்துத்தான் இல்லாதவர்களாக ஆக்குகிறோம். சுற்றுலாக்காரரின் போட்டோவில் இவர்கள் வீடு இடிபாட்டோடு இடிபாடாகத் தெரிகிறது.

பெரிய கட்டடம் வேண்டாம். கடலோர மணலில் கான்கிரீட்டைக் கொட்டி இன்னொரு குவிமாடம் எழுப்பினால் இருக்கிறதும் கெடும். 2025ல் இங்கே பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். நல்ல விஷயம், கட்டுமானத்துக்கு ஒரு கடிவாளமும்கூட. வேண்டியது கொஞ்சம்தான். ரயில் நிலைய இடிபாட்டின் அருகே, 1964க்கு முன் எது எங்கே இருந்தது என்று காட்டும் ஒரு வரைபடம். ரயிலிலும் ஊரிலும் இறந்தவர்களில் தெரிந்தவரை பெயர்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் மண்டபம் முகாமையும் தோட்டத் தொழிலாளர்களையும் பற்றி ஒரு பலகை. அங்கே வாழ்கிறவர்களுக்கு வழிகாட்டி வேலை, அதற்குச் சம்பளம்.

அதுவரைக்கும், போகிறவர்கள் நேரே முனைக்கு ஓடாதீர்கள். போகும் வழியில் மண்டபத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். தனுஷ்கோடியில் சங்கு விற்கிற அக்காவிடம் ஒரு மாலை வாங்கிக்கொண்டு, உங்க ஆளுங்க எப்ப இருந்து இங்க இருக்காங்கன்னு கேளுங்கள்.